இடம்பெயரும் குழந்தைகளும் பள்ளி ஆலோசகரும்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து

ஒரு மாவட்டத்தின் ஜீவன நிலையை அறிய விரும்புகிறவர்கள் அரசாங்கத்தின் புள்ளிவிவரத் தொகுப்புகளைத் தேடிப் போவது வழக்கம். தருமபுரி மாவட்டத்தைப் பொறுத்தமட்டில், பென்னாகரம் பக்கத்திலோ அரூர் பக்கத்திலோ உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியின் வருகைப் பதிவேட்டை ஆனியிலிருந்து பங்குனி வரை பொறுமையாகப் புரட்டிப் பார்ப்பது அதைக்காட்டிலும் பயன் தரும் என்பது என் அபிப்பிராயம். மானாவாரிச் சாகுபடி ஓய்ந்து, பொங்கலும் கழிந்த பிறகு, சில பெயர்களுக்கு நேரே ஒரு நாள், இரண்டு நாள் என்று தொடங்கும் வராமைக் குறி, வாரக்கணக்கில் நீண்டு, முடிவில் அந்தப் பெயரை வைத்திருப்பதா எடுத்துவிடுவதா என்று தலைமையாசிரியரே தயங்கும் நிலையை உண்டாக்கிவிடுகிறது. பதிவேடு இன்று கைப்பேசிக்குள் போய்விட்டது. ஆசிரியர்கள் ‘எமிஸ்’ என்று சொல்லும் கல்வித் தகவல் முறைமையில், மாற்றுச் சான்றிதழ் பெற்றோ பெறாமலோ ஒரு பள்ளியை விட்டகன்று வேறு பள்ளியில் சேராத குழந்தையின் பெயர் ‘காமன் பூல்’ எனப்படும் பொதுத் தொகுப்பில் போய் நிற்கிறது. அந்தக் குழந்தை பெங்களூரில் எழும்பும் ஏதோ ஒரு கட்டடத்தின் அடியில், தகரக் கொட்டகையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கலாம். குடகில் காப்பித் தோட்டத்திலோ, ஏதோ ஒரு செங்கல் சூளையிலோ, திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனிக்குப் பக்கத்துச் சந்திலோ இருக்கலாம். இவற்றில் எதுவென்று தொகுப்பு சொல்வதில்லை.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்து தனி மாவட்டமான தருமபுரி, 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரியையும் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சிறுத்துப் போயிற்று. ஆலைகளும் பெருவழிச்சாலையின் செழிப்பும் பெரும்பாலும் ஓசூரையொட்டி அந்தப் பக்கமே நின்றுவிட, மழையை நம்பிய புஞ்சை நிலமும், பாலக்கோட்டுத் தக்காளியும், மாந்தோப்புகளும், சித்தேரி மலையின் சிறுதானியமும் இந்தப் பக்கத்துக்குப் பாகமாக வந்தன. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தொட்டபோது, தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதமாக, எல்லா மாவட்டங்களுக்கும் கடைசியில் நின்றது. இத்தகைய மண்ணிலிருந்து ஜனங்கள் வெளியே போவதில் வியப்பில்லை. பெங்களூருக்குப் பேருந்தில் மூன்று, நான்கு மணி நேரப் பிரயாணம். மேஸ்திரி கொடுக்கும் முன்பணம் கைக்கு வந்துவிட்டால் மறுநாள் காலையிலேயே வீட்டைப் பூட்டிவிடலாம்.

ஆனால் போகிறவர்களை மட்டும் கண்டு, வருகிறவர்களைக் காணாமல் இருப்பது பாதி உண்மையாகும். இலங்கையில் 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு, இராமேசுவரம் கரையில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களை மண்டபம் முகாமிலிருந்து உள்மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பியபோது, தருமபுரியில் அவர்களுக்குக் கிடைத்த இடங்கள் பெரும்பாலும் அணைக்கட்டுகளின் ஓரங்களாக இருந்தன. நாகாவதி அணை, வாணியாறு அணை, பஞ்சப்பள்ளிச் சின்னாறு அணை, தும்பலஅள்ளி என்று முகாம்களின் பெயர்களை அடுக்கிச் சொன்னால், பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பட்டியலைப் படிப்பது போலிருக்கும். ஊருக்கு எட்ட இருந்த அந்த இடங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது பக்கத்து அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இவர்களுக்குப் பின்னால், கட்டுமானத்துக்கும் சூளைக்கும் சாலை வேலைக்கும் வடமாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களின் குழந்தைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கடைசி வரிசையில் உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள். எனவே இம்மாவட்டம் ஒரே சமயத்தில் குழந்தைகளை அந்நியராக்கி அனுப்பும் ஊராகவும், அந்நியராக வரும் குழந்தைகளை ஏற்கும் ஊராகவும் இருக்கிறது. பள்ளி ஆலோசகரின் வேலையைப் பற்றி யோசிப்பதற்கு இதைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

பள்ளி ஆலோசனை என்ற துறையே இடம்பெயர்ந்தவர்களின் மத்தியில்தான் பிறந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த வடமுனைப் பகுதியில், குடியேறிகளுக்கென நடந்த ஒரு சேவை இல்லத்தில் உட்கார்ந்துகொண்டு, பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908இல் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். புதிய தேசத்தில் எந்த வேலைக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் திகைத்த வாலிபர்களோடு நிதானமாகப் பேசி, அவர்களுடைய இயல்பையும் திறமையையும் சூழ்நிலையையும் அவர்களே எழுதிப் பார்க்கச் செய்து, பிறகு வழிகாட்டுவது அவருடைய முறை. அந்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார். அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. நம் நாட்டில் இந்த எண்ணத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்ததில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நீண்ட காலம் விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரின் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, வழிகாட்டலுக்கும் ஆலோசனைக்கும் தன் அறிக்கையில் தனி இடம் கொடுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர்கள் பள்ளிகளுக்கு அவசியம் என்று சிபாரிசு செய்தது. அடுத்த ஆண்டே, 1954இல், மத்திய அரசு அதற்கென ஒரு நிலையத்தையும் ஏற்படுத்தியது. பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: வழிகாட்டல் என்பது பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பிறகு எந்தப் படிப்பில் சேரலாம் என்று சொல்லும் கூட்டமாகக் குறுகிப்போயிற்று, இடையிலேயே காணாமல் போகிற குழந்தை அந்தக் கூட்டத்துக்கு வந்து சேருவதே இல்லை.

தமிழ்நாட்டில் இன்று ஆலோசகர் யார் என்று கேட்டால், விடை அத்தனை எளிதன்று. 2012-13இல் அறிவிக்கப்பட்ட நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் பத்து. அப்போது மாவட்டங்கள் முப்பத்திரண்டு. ஒரு வண்டியும் அதிலுள்ள ஓர் உளவியலாளரும் மூன்று மாவட்டங்களின் பள்ளிகளைச் சுற்றிவர வேண்டும் என்றால், ஒரு பள்ளிக்கு அந்த வண்டி இரண்டாம் முறை வருவதற்குள், முதல் முறை அழுத குழந்தை வேறு மாநிலத்துக்கே போயிருக்கும். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்ற விகிதத்தைச் சிபாரிசு செய்கிறது. அந்த நாட்டிலேயே பல இடங்களில் அது நிறைவேறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 2018 மார்ச்சில் தொடங்கிய 14417 என்னும் கல்வி வழிகாட்டித் தொலைபேசி எண்ணும், 2022இல் வந்த 14416 என்னும் மனநல ஆலோசனை எண்ணும், குழந்தைகளுக்கான பழைய 1098உம் பாடப்புத்தகத்திலோ பள்ளிச் சுவரிலோ எழுதியிருக்கின்றன. ஆனால் கைப்பேசி பெற்றோரிடம், பெற்றோர் பெங்களூரில், குழந்தை பாட்டியிடம் என்ற நிலையில், அந்த எண்ணை யார், எதிலிருந்து அழைப்பது? ஆகையால் நடைமுறையில் ஆலோசகர் என்பவர் பெரும்பாலும் ஒரு வகுப்பாசிரியர். சில இடங்களில் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர். சில இடங்களில் சத்துணவு அமைப்பாளர் அம்மா. பட்டம் பெற்ற ஆலோசகர் பள்ளிதோறும் வரவேண்டும் என்று கோருவதில் தவறில்லை. அவர் வரும்வரை இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது அதைவிட அவசரமான கேள்வி.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது, எனக்குத் தோன்றுகிறபடி, மனோதத்துவத்தின் நுட்பங்களைக் காட்டிலும் சட்டத்தின் சில பிரிவுகள். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ என்று அது பேசுகிறதேயன்றி, இந்தியக் குடிமக்களின் குழந்தைக்கு என்று பேசவில்லை; அதற்கு ஆதாரமான அரசியல் சாசனத்தின் 21அ பிரிவும் அவ்வாறே பேசுகிறது. பள்ளியில் சேராமலே இருந்த அல்லது இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, மற்றவர்களோடு சமமாக வருவதற்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வருவதில் தாமதம் என்பதைக் காரணமாக்கிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிவைக்கவோ கூடாது என்பது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று வாசலில் நிறுத்தக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் டெக்சாஸ் மாநிலத்து வழக்கொன்றில், ஆவணமின்றிக் குடியேறியவர்களின் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளிக் கல்வியை மறுக்கலாகாது என்று தீர்ப்புச் சொல்லப் பல ஆண்டு வாதம் நடத்த வேண்டியிருந்தது. நம் சட்டம் அதை ஒரு வார்த்தையால் தீர்த்துவைத்திருக்கிறது. எனினும் சட்டத்தில் இருப்பது அலுவலக மேஜைக்கு வந்து சேர நாளாகிறது. ஆதார் எங்கே, டிசி எங்கே, சாதிச் சான்று எங்கே என்று கேட்கும் வழக்கமான குரலுக்கு முன்னால், எழுதப் படிக்கத் தெரியாத தாய் ஒருத்தி ‘அடுத்த வாரம் வரேங்க’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவாளானால், அந்த அடுத்த வாரம் பெரும்பாலும் வருவதில்லை. அந்த நிமிஷத்தில் பக்கத்தில் நின்று, ‘பேரை இன்னிக்கே எழுதிக்குங்க சார், காகிதம் பின்னாடி வரட்டும்’ என்று சொல்லத் தெரிந்தவர் செய்வதே ஆலோசனைகளுள் முதன்மையானது என்பேன்.

குழந்தை திரும்பி வந்த பிறகு நடப்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மாசியில் போனவள் ஆனியில் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் போன இடத்தில் விடியற்காலையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றிருக்கிறாள். தாய் ஜல்லி சுமக்கப் போன பிறகு தம்பிக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். மளிகைக் கடைக்காரரோடு கன்னடத்தில் பேரம் பேசி, மேஸ்திரியின் கணக்கில் அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி விட்டுப்போனதை விரல்விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறாள். இவ்வளவும் கற்றுக்கொண்டு வந்தவள் வகுப்பில் நுழைந்ததும் ‘மெல்லக் கற்கும் மாணவி’ ஆகிவிடுகிறாள். பாடம் எங்கேயோ போய்விட்டது. தோழிகள் வேறு கூட்டம் சேர்ந்துவிட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் ‘இத்தனை நாள் எங்கடி போயிருந்தே?’ என்று கேட்கப்படும் கேள்விக்கு அவளிடம் விடை உண்டு, ஆனால் அதைச் சொன்னால் வீட்டின் கடன் வெளியே தெரிந்துவிடும். ஆகவே அவள் மௌனமாக நிற்கிறாள். அந்த மௌனம் அடங்காமை என்று எண்ணப்படுகிறது.

நல்ல ஆலோசகர் இந்த இடத்தில் செய்யத்தக்கது மிகச் சாதாரணமான காரியம். ஒரு முழுத்தாளை எடுத்து, தை, மாசி, பங்குனி என்று பன்னிரண்டு மாதங்களையும் கட்டங்களாக வரைந்து, எந்த மாதம் எங்கே இருந்தாள், அங்கே யார் யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டாள், எதற்குச் சிரித்தாள் என்று அவளையே நிரப்பச் சொல்வது. அறிவுரை எதுவும் வேண்டியதில்லை. அவ்வாறு நிரம்பிய தாளிலிருந்து அடுத்த தையில் அவள் போவாளா என்பது தெரிகிறது. போவாளானால் பாட்டியிடம் விட்டுச் செல்லும்படி பெற்றோரிடம் பேசலாமா, அரூரிலோ பென்னாகரத்திலோ விடுதியில் இடம் பார்க்கலாமா, கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாவில் சேர்க்கலாமா என்பதை மார்கழிக்கு முன்பே முடிவு செய்ய முடிகிறது. பொங்கல் கழிந்து பேருந்து ஏறிய பிறகு செய்யும் விசாரணையைவிட ஐப்பசியில் செய்யும் விசாரணைக்குப் பலன் அதிகம். ஆலோசனையை மனத்துக்கு மருந்து போடும் காரியமாக மட்டும் நினைக்கிறவர்களுக்கு, விடுதி இடம் தேடுவது எப்படி ஆலோசனையாகும் என்ற சந்தேகம் எழலாம். பயத்துக்குக் காரணம் வெளியிலே இருக்கும்போது, பயந்தவளின் உள்ளத்தை மட்டும் ஆராய்ந்துகொண்டிருப்பது நியாயமாகாது.

பெண்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுச் செல்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. வயதுக்கு வந்த பெண்ணைக் காவல் இல்லாமல் விட்டுவைக்க அஞ்சும் பெற்றோர், அத்தை மகனுக்கோ தாய்மாமனுக்கோ அவசரமாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போவது இம்மாவட்டம் நெடுங்காலமாக அறிந்த துன்பம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இல் வந்துவிட்டது; 1098க்குத் தகவல் போனால் அதிகாரிகள் வந்து நிறுத்துகிறார்கள். ஆனால் நிறுத்தப்பட்ட திருமணத்துக்குப் பிறகும் அந்தப் பெண் அதே ஊரில், அதே உறவினர் நடுவே வாழ வேண்டும்; வகுப்பில் அவளைப் பார்த்துக் கிசுகிசுப்பவர்களும் இருப்பார்கள். தகவல் கொடுத்த ஆசிரியரின் பெயர் வெளியே போய்விட்டால் மறுமுறை எந்த மாணவியும் அவரிடம் வாய் திறக்கமாட்டாள். இரகசியத்தைக் காப்பது எதுவரை, சட்டத்துக்குச் சொல்லியே தீரவேண்டியது எது என்ற வரம்பை முதல் சந்திப்பிலேயே குழந்தைக்கு விளங்கும்படி சொல்லிவிடுவது இந்தத் தொழிலின் பாலபாடம். நம் பள்ளிகளில் அது பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது.

இனி முகாம் குழந்தைகளிடம் வருவோம். இவர்களுடைய நிலை வேறு வகையானது. இவர்கள் பள்ளிக்கு வராதவர்கள் அல்லர். சொல்லப்போனால், எல்லாவற்றையும் இழந்து வந்த சமூகம் படிப்பு ஒன்றையே கையோடு கொண்டுபோகக்கூடிய சொத்தாகக் கருதியது. தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட செல்வநாயகத்தின் புதல்வர் சந்திரஹாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்துவதையும், முகாமிலேயே படித்த இளைஞர்களை ஆசிரியர்களாகவும் ஆற்றுப்படுத்துகிறவர்களாகவும் பயிற்றுவதையும் தன் முதல் வேலைகளுள் வைத்தது. வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருவதைக் காட்டிலும், அதே துன்பத்தைக் கடந்த ஓர் அக்கா, ஓர் அண்ணா பக்கத்து வீட்டில் இருப்பது மேல் என்ற அந்த எண்ணம், பெரிய செலவின்றிச் செய்யப்பட்ட நல்ல மனோதத்துவம் என்றே நினைக்கிறேன். 1991இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு சில ஆண்டுகள் ஏதிலி மாணவர்களுக்குக் கல்லூரி வாயில் அடைபட்டுக் கிடந்து, பின்னரே திறந்தது. அந்த ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இன்று பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோராக இருக்கிறார்கள். ‘நீ நல்லாப் படி’ என்று அவர்கள் சொல்லும்போது, தாம் படித்தும் நின்றுபோன இடம் அவர்கள் நினைவுக்கு வராமல் இராது.

பிள்ளைக்கும் அது தெரியும். ‘படிச்சாலும் பெயிண்ட் வேலைதானே சார்’ என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லுவானானால், அதை ஊக்கமின்மை என்று எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் அவனுடைய தர்க்கத்தைக் கவனிக்கத் தவறுகிறார். முகாமிலிருந்து வெளியே போகும் ஆண்களில் பலர் சுவருக்கு வண்ணம் பூசும் வேலைக்கே போகிறார்கள். பட்டம் பெற்ற அண்ணனும் அதே வாளியையும் தூரிகையையும் தூக்கிக்கொண்டு போவதை அவன் தினந்தோறும் பார்க்கிறான். 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருந்தாலொழியப் பிறப்பால் மட்டும் குடியுரிமை வருவதில்லை; 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் இலங்கை இல்லை. எனவே தருமபுரி அரசு மருத்துவமனையிலேயே பிறந்து, தருமபுரித் தமிழையே பேசி, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் வந்த பிள்ளையும் விண்ணப்பப் படிவத்தில் தேசியம் என்ற கட்டத்துக்கு வரும்போது பேனாவை நிறுத்திவிடுகிறது. ஆலோசகர் அந்தக் கட்டத்தை அவனுக்காக நிரப்பிவிட முடியாது. ஆனால் எந்தப் படிப்புக்கு அவனுக்கு இடம் உண்டு, எந்த உதவித்தொகை முகாம் மாணவருக்கு உரியது, எந்தப் பணிக்குக் குடியுரிமை தடை, எந்தத் தனியார் வேலைக்குத் தடையில்லை என்பதைப் பொய் நம்பிக்கை ஊட்டாமல், விவரமாகச் சொல்ல முடியும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதிய வீடுகளும், உயர்த்தப்பட்ட மாதப் பணக்கொடையும், கல்வி உதவியும் அடங்கியிருந்தன. முகாம்களின் பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டது. அந்தக் கல்வி உதவிக்கு எந்தத் தேதிக்குள், எந்த அலுவலகத்தில், யார் கையெழுத்தோடு விண்ணப்பிப்பது என்பது பதினொன்றாம் வகுப்பு மாணவனுக்கும் தெரியவில்லை, அவனுடைய வகுப்பாசிரியருக்கும் தெரியவில்லை என்றால், அறிவித்த பணத்தால் அவனுக்கு ஆவதென்ன?

இங்கே வரலாற்றின் ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. இன்றைய தருமபுரி அன்றைய சேலம் ஜில்லாவின் பகுதி. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964 அக்டோபரில் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. இந்த ஒப்பந்தப்படி வந்தவர்களைத் தவிர, பின்னர் போருக்கு அஞ்சி ஏதிலிகளாக வந்தவர்களிலும் மலையக வம்சத்தினர் உண்டு. பாட்டனின் பாட்டன் புறப்பட்ட அதே ஜில்லாவுக்கு, அகதி என்ற அட்டையோடு பேரனின் பேரன் வந்து சேர்ந்திருக்கக்கூடும். வகுப்பறையில் இடப்பெயர்வைப் பற்றிப் பாடம் நடத்த விரும்பும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. கொட்டகையிலிருந்து திரும்பிய சிறுமியும் முகாமிலிருந்து வரும் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தத்தம் குடும்பம் வந்த வழியைத் தேசப்படத்தில் கோடாக வரைந்தால், இருவரில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்ற கேள்வியே சற்றுத் தடுமாறிப்போகும்.

பாஷையைப் பற்றியும் கலாசாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்முகக் கலாசாரம் என்றதும், ஆண்டுக்கொரு நாள் குழந்தைகளுக்கு வெவ்வேறு மாநிலத்து உடை உடுத்தி மேடையில் ஆடவிட்டு, புகைப்படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. எனக்கு அதில் மரியாதை குறைவு. இராஜஸ்தானத்துப் பாவாடை கட்டி ஆடும் சிறுமியின் பக்கத்தில், பீகாரிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கத் தமிழ் தெரியாமல் தவிக்கலாம். அந்தத் தவிப்பு புகைப்படத்தில் விழுவதில்லை. உண்மையில் தருமபுரிக்குப் பல பாஷை புதிதன்று. வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசி, பள்ளியில் தமிழ் எழுதிய தலைமுறைகள் இங்கே உண்டு. பக்கத்து வீட்டாரோடு அவரவர் பாஷையில் பேசுவது கிராமங்களில் சகஜம். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் தமிழைக் கட்டாயமாக்கிய பிறகு, அண்மையில் புலம்பெயர் தொழிலாளரின் குழந்தைகளுக்கென ‘தமிழ் மொழி கற்போம்’ என்ற திட்டத்தைப் பள்ளிக் கல்வித் துறை தொடங்கியிருக்கிறது; வரவேற்கத்தக்க காரியம். ஆனால் தமிழ் கற்பிக்கிறவர் அந்தக் குழந்தையின் பாஷையில் பத்து வார்த்தையாவது அறிந்திருந்தால் கற்பிப்பது பாதி முடிந்த மாதிரி. இந்தியும் தமிழும் தெரிந்த மேல்வகுப்பு மாணவன் ஒருவனையோ, இரண்டு ஆண்டு முன்பே வந்து தமிழ் பேசப் பழகிய ஒரு சிறுமியையோ புதியவனுக்குத் துணையாக்குவது எந்த ஆலோசகரும் இன்றே செய்யக்கூடியது. பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது மட்டும் கூடாது. தன் மதிப்பெண் குறைவைத் தானே தந்தைக்கு எடுத்துச் சொல்ல நேரும் குழந்தையின் சங்கடத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பிறநாட்டில் தமிழ்க் குழந்தைகளே புதியவர்களாக நின்ற அனுபவமும் நமக்கு உதவக்கூடும். 1983க்குப் பிறகு கனடாவின் டொராண்டோவுக்குப் போன ஈழத் தமிழரின் பிள்ளைகள் பனிக்கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனபோது, ஒன்றாரியோ மாகாணத்தில் பள்ளிகளுக்குள்ளேயே குடியமர்வுப் பணியாளர்களை உட்காரவைக்கும் ஏற்பாடு படிப்படியாக உருவாயிற்று. குடும்பத்தின் பாஷை பேசும் ஒருவர் பள்ளிக் கட்டடத்துக்குள் இருப்பதும், வீட்டு வாடகை, மருத்துவம், விண்ணப்பப் படிவம் ஆகியவற்றையும் அவரே கவனிப்பதும் அதன் சிறப்பு. ஆலோசகர் மனத்தைப் பார்த்துக்கொள்ள, மற்றவற்றை இவர் பார்த்துக்கொள்கிறார். பணக்கார நாட்டின் ஏற்பாட்டை அப்படியே இங்கே பெயர்த்து நடவேண்டும் என்று நான் சொல்லவில்லை; வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அளவில் தருமபுரியின் வட்டாரங்களில் மட்டும் சோதித்துப் பார்க்கலாம்.

அந்த ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய முதல் பிரயாணப்படி, என் யோசனையில், பெங்களூருக்குப் போய்வருவதற்கானது. கர்நாடக அரசு கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளுக்கென்று கொட்டகைப் பள்ளிகளை நடத்திப் பார்த்திருக்கிறது. மீரா மகாதேவன் 1969இல் தில்லியில் ஆரம்பித்த நடமாடும் குழந்தைக் காப்பகங்கள் கட்டுமான இடத்திலேயே குழந்தைகளைப் பேணுவது எப்படி என்று காட்டியிருக்கின்றன. ஆயினும் பென்னாகரத்துத் தலைமையாசிரியருக்கும் பெங்களூரின் கொட்டகைப் பள்ளி ஆசிரியைக்கும் இடையே ஒரு கைப்பேசி எண்கூடப் பரிமாறப்படாத நிலையில், ஒரு மாநிலத்தின் தகவல் முறைமையில் பொதுத் தொகுப்புக்குப் போன குழந்தை மறு மாநிலத்தின் முறைமையில் பிறவாத குழந்தையாகிவிடுகிறது. அங்கே பாடமும் கன்னடத்தில். காவிரி நீரை முன்னிட்டு 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் நடந்த தமிழர் எதிர்ப்புக் கலவரங்களைக் கண்ட பெற்றோர், தமிழ்ப் பிள்ளை என்று தெரியும்படி அனுப்பத் தயங்குவதும் உண்டு. இரண்டு மாநிலக் கல்வித் துறைகளும் சேர்ந்து, தை முதல் வைகாசி வரை பெங்களூரில் தருமபுரித் தொழிலாளர் நெருங்கி வாழும் சில இடங்களிலேனும் தமிழ்ப் பாடநூலோடு ஒரு தமிழாசிரியரை அமர்த்துவதும், அங்கே படித்த நாட்களை இங்கே வருகையாகக் கணக்கிடுவதும் ஒரு சுற்றறிக்கையால் ஆகக்கூடிய காரியங்கள். நதிநீருக்காக இரு மாநில அதிகாரிகள் எத்தனையோ முறை ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டுக்காக ஒருமுறை உட்காரலாம்.